அப்பாவுக்கு ஹார்னஸ் வாங்கிட்டேன், கொக்கிய எங்க மாட்டணும்?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அப்பாவுக்கு 54 வயசு, முப்பது வருஷமா பெயிண்டர், இப்ப மூணு மாடி வீடுங்களுக்கு வெளிப்பக்கம் அடிக்கிறாரு, நீங்க ஆன்லைன்ல ஃபுல் பாடி ஹார்னஸ் (தொடை, இடுப்பு, தோள் எல்லாத்தையும் சுத்தி மாட்டுற பாதுகாப்புப் பட்டை) ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கீங்க, அவரு போட மாட்டேங்குறாரு, பழைய இடுப்பு பெல்ட்டே போதும்ங்குறாரு, போட்டாலும் கொக்கிய எங்க மாட்டுறதுன்னு தெரியல, இதுக்கு நடுவுல யாரோ ஒருத்தர் ஹார்னஸ்ல கால் மணி நேரம் தொங்கினா செத்துருவாங்கன்னு வேற பயமுறுத்திட்டாங்க. இத்தனையும் சேர்த்துப் பாத்தா நீங்க கேக்குறது ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. அப்பா சாயங்காலம் முழுசா வீடு வந்து சேர இந்தப் பொருள் ஒண்ணு போதுமா. போதாது தம்பி. அத வச்சுக்கிட்டு என்ன பண்ணணும், அதுக்கு முன்னாடியே என்ன பண்ணியிருக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

நான் 19 வருஷமா கட்டட சைட்ல சேஃப்டி பாக்குறவன். ஆரம்பத்துல சென்னை ஓஎம்ஆர் பக்கம், நடுவுல ஆறு வருஷம் அபுதாபி, இப்ப திரும்ப இங்க. உயரத்துல வேலை பாக்குறவங்களுக்கு ஹார்னஸ் போடக் கத்துக் குடுக்குறது என் வேலையில பாதி. எங்க தாய்மாமாவும் பெயிண்டர்தான், அதனால சவுக்குக் கம்பு சாரமும் ஜூலாவும் (கயிறுல தொங்குற பலகை) எனக்குப் புதுசு இல்ல. நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்ல, டாக்டரும் இல்ல. அந்த ரெண்டு விஷயம் வர்ற இடத்துல எதுவரைக்கும் என் பேச்ச நம்பலாம்னு அங்கங்க சொல்லிடுறேன்.

முதல்ல இடுப்பு பெல்ட். இதுல எனக்கு சந்தேகமே கிடையாது, விழுறவர நிறுத்துறதுக்கு இடுப்பு பெல்ட் கூடவே கூடாது. அமெரிக்காவுல 1998 ஜனவரி 1லேர்ந்து விழுந்தா தாங்குறதுக்குன்னு இடுப்பு பெல்ட் கட்டுறத கட்டட வேலையில அனுமதிக்கிறதே இல்ல. ஏன்னு நான் கண்ணால பாத்தேன். அபுதாபியில எங்க டிரெயினிங் யார்டுல 100 கிலோ மணல் அடைச்ச பொம்மைக்கு இடுப்பு பெல்ட் கட்டி ஆறடி உயரத்துலேர்ந்து விட்டுக் காட்டுவாங்க. கயிறு இழுத்துப் பிடிச்ச உடனே பொம்மை நடுவுல ரெண்டா மடங்கிடும், தலையும் காலும் ஒண்ணோட ஒண்ணு முட்டுற மாதிரி. மனுஷனா இருந்தா அந்த இடத்துல இருக்குறது முதுகெலும்பு, கல்லீரல், மண்ணீரல். சில நேரம் பொம்மை பெல்ட்டுலேர்ந்து நழுவி நேரா கீழயே போயிரும். ஃபுல் பாடி ஹார்னஸ்ல அந்த இழுப்பு தொடை, இடுப்பு, தோள்னு பிரிஞ்சு போகுது, முதுகுக்கு மேல ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல டி-ரிங், அதாவது கயிறு கோர்க்குற வளையம், இருக்குறதால ஆளு நிமிர்ந்தாப்ல தொங்குவாரு. அந்த பொம்மைய பாத்த அன்னிக்கு சாயங்காலம் எங்க ஆளுங்க யாரும் சரியா சாப்பிடல.

அடுத்தது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். ஹார்னஸ் நல்லதா இருந்தும், கூட இருக்குற கயிறு வெறும் நைலான் கயிறா இருந்தா பிரயோஜனம் ரொம்ப கம்மி. சின்ன கணக்குதான். 80 கிலோ ஆளு ரெண்டு மீட்டர் விழுறாருன்னு வைங்க, அப்ப வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர் கிட்ட இருக்கும், இவ்வளவும் நடக்க ஒரு செகண்டு கூட ஆகாது, முக்கால் செகண்டுக்கும் கம்மி. அந்த வேகத்த பத்து சென்டிமீட்டருக்குள்ள சடக்குன்னு நிறுத்தினா உடம்பு மேல வர்ற இழுப்பு சராசரியாவே அவரு எடையப் போல 21 மடங்கு, கிட்டத்தட்ட 1,700 கிலோ. அதே ஆள ஒரு மீட்டர் தூரத்துல இழுத்து இழுத்து நிறுத்தினா மூணு மடங்கு, 240 கிலோதான். அந்த ஒரு மீட்டர குடுக்குறதுதான் ஷாக் அப்சார்பர். கயிறோட ஒரு முனையில சோப்பு டப்பா மாதிரி தச்சு மூடி வச்சிருப்பாங்க, உள்ள மடிச்சு தச்ச பட்டை இருக்கும், விழும்போது அந்தத் தையல் பிரிஞ்சு பிரிஞ்சு வேகத்த தின்னுடும். ஐரோப்பா ஸ்டாண்டர்டு படி இழுப்பு 6 கிலோநியூட்டன தாண்டக் கூடாது, அதாவது 600 கிலோ சொச்சம். உங்க அப்பாவுக்கு வாங்கின செட்டுல இது இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா ஹார்னஸ வச்சுக்கிட்டு லேன்யார்ட, அதாவது ஹார்னஸையும் கொக்கியையும் சேர்க்குற அந்தக் கயிற, மட்டும் மாத்துங்க, கயிறும் அப்சார்பரும் சேர்ந்து ரெண்டு மீட்டருக்கு மேல நீளம் இருக்கக் கூடாது, கொக்கி ரெண்டு இருக்குற டபுள் லேன்யார்டா வாங்குங்க. ஒரு கொக்கிய கழட்டுறதுக்கு முன்னாடி இன்னொன்ன மாட்டிட்டு நகர்றதுக்குத்தான் அந்த ரெண்டு.

இந்த அப்சார்பர்ல ஒரு சிக்கல் இருக்கு. அது பிரிஞ்சு நீள இடம் வேணும். லேன்யார்டு 1.8 மீட்டர், அப்சார்பர் பிரிஞ்சா அதிகபட்சம் 1.75 மீட்டர், டி-ரிங்லேர்ந்து பாதம் வரைக்கும் 1.5 மீட்டர், அதுக்கும் கீழ ஒரு மீட்டராவது காலி இடம். கூட்டினா ஆறு மீட்டர் வருது, இருபது அடி. கொக்கி மாட்டின இடத்துலேர்ந்து கீழ இருபது அடிக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். நம்ம ஊரு வீட்டுல ஒரு தளம் பத்தடி. முதல் மாடி சன்ஷேடுல நின்னுக்கிட்டு கால்கிட்ட எதுலயோ கொக்கிய மாட்டியிருந்தாருன்னா கயிறும் அப்சார்பரும் முழுசா நிறுத்துறதுக்கு முன்னாடியே தரையில அடிபடலாம். ஹார்னஸ் போட்டிருந்தும் தரையில அடிபட்டவங்கள நான் பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் காரணம் இதுதான், கொக்கி கால் மட்டத்துல. அதனால கொக்கி எப்பவும் தலைக்கு மேல. மேல மாட்ட மாட்ட விழுற தூரம் குறையும்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, எங்க மாட்டுறது. மூணு மாடி வீட்டு வெளிச்சுவர்ல தலைக்கு மேல கொக்கி மாட்ட எதுவும் இருக்காது, அதனால மொட்டை மாடியிலேர்ந்து ஒரு லைஃப்லைன் கயிறு தொங்க விடணும், அதுல ரோப் கிராப்னு ஒரு சாதனம் ஏறி இறங்கும், ஹார்னஸ் அதோட கோர்த்திருக்கும். ஆளு மெதுவா இறங்கினா கூடவே இறங்கும், சடார்னு இழுத்தா கவ்விக்கும். இதுல கோர்க்குற கயிறு சின்னது, கிராப்பையும் நெஞ்சு மட்டத்துக்கு மேலயே வச்சுக்கிட்டா விழுற தூரம் ரொம்ப கம்மியாயிடும், அப்பாவுக்குக் கை காலுல சிக்குற தொந்தரவும் இருக்காது. அவரு "இடைஞ்சல்"னு சொல்றதுல பாதி அந்த ஆறடி கயிறு பண்ற வேலையா இருக்கும், அத நான் தப்பு சொல்ல மாட்டேன், நிஜமாவே இடைஞ்சல்தான். கிராப்புக்கு எத்தன எம்எம் கயிறுன்னு அதுலயே பொறிச்சிருக்கும், அந்த அளவுதான் போடணும். தடிமன் மாறினா கவ்வாது.

கயிறோட மேல் முனைய எதுல கட்டுறதுங்குறதுலதான் உயிரே இருக்கு. அமெரிக்க விதிப்படி ஒரு ஆளுக்கு ஒரு பிடிப்பு 5,000 பவுண்டு தாங்கணும், ரெண்டேகால் டன். அந்தக் கணக்க மனசுல வச்சுக்கிட்டு மொட்டை மாடிய சுத்திப் பாருங்க. நாலரை இஞ்ச் செங்கல் கைப்பிடிச்சுவர், கூடாது, நம்ம ஊர்ல அத கம்பி கட்டாம சும்மா எழுப்பி பூசியிருப்பாங்க, வெளிப்பக்கமா இழுத்தா மொத்தமா சாயும். தண்ணி டேங்க் பைப், டிஷ் ஆன்டெனா கம்பி, கொடி கட்டுற இரும்பு, ஜன்னல் கிரில், கேட் கொண்டி, எதுவும் கூடாது. சன்ஷேடு மேல நிக்கிறதே தப்பு, அதுல கட்டுறது இன்னும் தப்பு. கூடியது என்னன்னா, படிக்கட்டு தலைமாடி ரூமோட கான்கிரீட் காலம் (தூண்), தண்ணித் தொட்டிய தாங்குற கான்கிரீட் காலம், கீழேர்ந்து வர்ற பில்லரோட மேல்முனை தடிமனா நின்னா அது. தலைமாடி ரூம்ல எதிரெதிரா கதவும் ஜன்னலும் இருந்தா கயிற ஒண்ணுல விட்டு இன்னொண்ணுல எடுத்து நடுவுல இருக்குற காலத்தோட சேர்த்து சுத்திக் கட்டுறது எனக்குப் பிடிச்ச வழி. இங்கதான் நான் ஜாக்கிரதையா பேசணும். காலம் பாக்க காலமா இருக்கும், உள்ள கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட் பொரிஞ்சு போயிருக்கும், கடலோர ஊருன்னா இன்னும் மோசம். விரிசல், துருக்கறை, தட்டினா உள்ள பொள்ளல் சத்தம், இதுல எது இருந்தாலும் தொடாதீங்க. இவ்வளவு தாங்கும்னு உறுதியா சொல்ல கட்டடம் கட்டின இன்ஜினியர் வேணும், அது என் எல்லைக்கு வெளிய.

கயிறு கைப்பிடிச்சுவர் ஓரத்துல மடங்குற இடத்த விட்டுறாதீங்க. பூச்சு முனை கத்தி மாதிரி, நாள் பூரா ஏறி இறங்கும்போது அறுத்துக்கிட்டே இருக்கும். தடிச்ச ரப்பர் ஷீட்டோ பழைய தீயணைப்பு ஹோஸோ வச்சு, அது நகராம ஒரு கயிறால கட்டணும். அதே மாதிரி பிடிப்புக்கு நேர் கீழ வேலை செய்யணும். பத்தடி தள்ளிப் போய் எட்டி அடிச்சு விழுந்தா ஊஞ்சல் மாதிரி வீசிப் போய் சன்ஷேடு முனையிலயோ ஏசி யூனிட்டுலயோ அடிப்பாரு, அந்த அடி தரையில விழுற அடிக்குச் சமமா இருக்கலாம். சுவர்ல நகர நகர கயிறையும் நகர்த்திக் கட்டணும், ஒரு நாளைக்கு நாலு தடவன்னாலும் சரி. ஜூலாவுல தொங்கி அடிக்கிறாருன்னா பலகைய தாங்குற கயிறு வேற, இந்த உயிர்க் கயிறு வேற, ரெண்டும் வேற வேற இடத்துல கட்டியிருக்கணும். ஒரே கொக்கியில ரெண்டையும் மாட்டிட்டா ரெண்டு கயிறு இருந்தும் ஒண்ணு இருக்குற மாதிரிதான்.

இவ்வளவு சொன்னாலும், உங்க அப்பா வேலைக்கு ஹார்னஸ நான் முதல் இடத்துல வைக்கல. எங்க தொழில்ல ஒரு வரிசை உண்டு. உயரத்துக்குப் போகாம முடிக்க முடியுமான்னு முதல்ல பாரு, போயே ஆகணும்னா விழ முடியாத மாதிரி தடுப்பு போடு, அதுவும் முடியாதப்பதான் விழுந்தா பிடிக்கிற ஏற்பாடு. வலையும் ஹார்னஸும் கடைசி வரிசையில வருது. ஏன்னா ஹார்னஸ் வேலை செய்யணும்னா ஆளு ஒவ்வொரு தடவையும் சரியா போடணும், சரியா மாட்டணும், களைச்சுப் போன நாலு மணி வெயில்லயும் மறக்காம மாட்டணும். தடுப்புக் கம்பிக்கு யாரோட ஞாபகமும் தேவையில்ல, அது பாட்டுக்கு நிக்கும். சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலம் கட்டுறப்ப, 1933லேர்ந்து 1937 வரைக்கும், பாலத்துக்கு அடியில வலை கட்டி விட்டாங்க, 19 பேரு அதுல விழுந்து பிழைச்சாங்க. அதே பாலத்துல 1937 பிப்ரவரி 17 அன்னிக்கு சாரத்துல ஒரு பகுதி கழண்டு வலையையும் கிழிச்சுக்கிட்டு விழுந்து பத்து பேரு செத்தாங்க. பிடிக்கிற ஏற்பாட்டுக்கும் ஒரு தாங்கு சக்தி உண்டு, அது தாண்டினா அதுவும் போயிரும்.

அதனால அப்பா எடுக்குற வேலைக்கு சாரம் சரியா போட வைக்கிறதுதான் பெரிய காரியம். சவுக்குக் கம்பு சாரம்னாலே ஆபத்துன்னு நான் சொல்ல மாட்டேன், நல்ல சாரக்காரர் கட்டினது கெட்ட இரும்பு சாரத்த விட உறுதியா நிக்கும். ஆனா நான் பாக்குற வீட்டு சாரத்துல ஒரே ஒரு பலகை, ஒம்பது இஞ்ச் அகலம், ரெண்டு முனையும் கட்டாம கம்பு மேல சும்மா கிடக்கும், ஓரத்துல கால் வச்சா மறுமுனை தூக்கிக்கும். குறைஞ்சது ரெண்டடி அகலத்துக்கு பலகை வேணும், நடுவுல இடைவெளி இல்லாம, ரெண்டு முனையும் கட்டி. வெளிப்பக்கம் இடுப்பு உயரத்துக்கு, ஒரு மீட்டர்னு வைங்க, குறுக்குக் கம்பு ஒண்ணு, அதுக்கும் பலகைக்கும் நடுவுல இன்னொண்ணு. இந்த ரெண்டு கம்பும் கூடுதலா கட்ட சாரக்காரருக்கு அரை நாள் ஆகும், உங்க அப்பா உயிருக்கு அந்த ஹார்னஸ விட இது பெருசு. நேத்து பெஞ்ச மழையில கயிறு நனைஞ்சு காய்ஞ்சா முடிச்சு தளரும், காலையில ஏறுறதுக்கு முன்னாடி கையால இழுத்துப் பாக்கணும். சாரம் கட்டடத்தோட கட்டியிருக்கணும், சும்மா சாஞ்சு நிக்கக் கூடாது. அப்புறம் ஹார்னஸ் கொக்கிய சவுக்குக் கம்புலயே மாட்டாதீங்க. அது ஆளையும் பெயிண்ட் டப்பாவையும் சுமக்கக் கட்டினது, விழுற ஆளோட இழுப்ப தாங்கக் கட்டினது இல்ல.

முப்பது வருஷம் விழாதவரு இப்ப எப்படி விழுவாருன்னு அவரு கேப்பாரு. நியாயமான கேள்வி, அவரோட கால் பழக்கம் உண்மையானது, புதுப் பையன விட அவரு பத்திரமாதான் நடப்பாரு. ஆனா அந்தப் பழக்கம் பலகை முறியும்போது உதவாது. சன்ஷேடுக்கு அடியில குளவிக்கூடு இருக்கும், பிரஷ் பட்டதும் கூட்டமா வந்து மூஞ்சியில கொட்டும், எவ்வளவு பழகின ஆளும் ரெண்டு கையையும் விட்டுருவாங்க. எங்க மாமா விழுந்தது அப்படித்தான். பன்னண்டு அடி, கீழ ஈர மண்ணு, இடுப்பு எலும்பு முறிவோட தப்பிச்சாரு, இன்னும் சாய்ஞ்சுதான் நடக்குறாரு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் கீழ நின்னு ஒவ்வொரு சன்ஷேடுக்கு அடியிலயும் டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. 54 வயசுல பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரான்னும் கேளுங்க, அதுல சிலது குனிஞ்சு நிமிரும்போது தலைய சுத்த வைக்கும், மே மாச வெயில்ல தண்ணி குடிக்காம நின்னா இன்னும் அதிகம். எந்த மாத்திரைங்குறத அவரு டாக்டர்கிட்ட சொல்லி, நான் உயரத்துல வேலை பாக்குறவன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அதுக்கு மேல நான் சொல்றது சரியில்ல.

உயரம் கம்மின்னா பயம் கம்மியாகிடுது, அதுவும் ஒரு ஆபத்து. எங்க சைட்ல ஒரு எலக்ட்ரீஷியன் எட்டடி ஏணியிலேர்ந்து பின்பக்கமா விழுந்து தலை தரையில அடிச்சு மூணாம் நாள் போயிட்டாரு. அன்னிக்கு காலையில அவரு பதிமூணாவது மாடி ஓரத்துல கொக்கி மாட்டி கவனமா வேலை பாத்தவரு. ஏணின்னா நாலடி உயரத்துக்கு ஒரு அடி வெளிய தள்ளி கால் வைக்கணும், மேல ஏறி இறங்குற இடத்துக்கு மூணடி மேல நீட்டிக்கிட்டு இருக்கணும், மேல் முனைய கட்டணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை மேல ஏறி பெயிண்ட் அடிக்கச் சொன்னா பலகை போடாம ஏறவே கூடாது, பழைய ஷீட் ஆளு எடைக்கு ஒடிஞ்சுரும், முன்கூட்டி சத்தம் கூட வராது. கம்பு வச்ச ரோலர், அலுமினிய ஏணி, இதெல்லாம் பக்கத்துல போற கரண்ட் லைன்ல பட்டு விழுந்தவங்களும் உண்டு.

இப்ப அந்த கால் மணி நேர விஷயம். இதுல உறுதியானதையும் உறுதி இல்லாததையும் பிரிச்சு சொல்றேன். உறுதியானது, ஹார்னஸ்ல அசையாம தொங்கினா கால்ல ரத்தம் தேங்கும், தலை சுத்தும், மயக்கம் வரும், மயங்கி தலை தொங்கினா மூச்சுக்குழல் அடைபடலாம், இறக்கலன்னா சாவு வரலாம். உறுதி இல்லாதது அந்த நிமிஷக் கணக்கு. ஆரோக்கியமான ஆளுங்கள தொங்க விட்டுப் பாத்த சோதனைகள்ல சிலருக்கு சில நிமிஷத்துலயே அறிகுறி வந்திருக்கு, சிலரு அரை மணி நேரம் தாண்டியும் நல்லா இருந்திருக்காங்க. அதனால யாராவது பதினஞ்சுன்னு அடிச்சு சொன்னா நம்ப வேணாம், ஆனா நம்ம ஏற்பாடு சில நிமிஷத்துல இறக்குற மாதிரிதான் இருக்கணும். இன்னொண்ணு, தொங்கினவர இறக்கின உடனே படுக்க வைக்கக் கூடாது, ரத்தம் இதயத்துக்கு ஒரேயடியா பாஞ்சு செத்துருவாரு, உக்கார வைக்கணும்னு பல வருஷம் எங்களுக்கே பாடமா சொல்லிக் குடுத்தாங்க. நானும் அப்படி சொல்லிக் குடுத்திருக்கேன். பிரிட்டனோட ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவ் 2009ல எல்லா ஆதாரத்தையும் எடுத்துப் பாத்துட்டு அதுக்கு ஆதாரம் இல்ல, வழக்கமான முதலுதவிதான், படுக்க வைக்கலாம்னு சொல்லிடுச்சு. அதுலேர்ந்து நானும் மாத்திக்கிட்டேன். மூச்சு இருக்கா பாருங்க, படுக்க வைங்க, 108க்கு போன் பண்ணுங்க, மூச்சு இல்லன்னா நெஞ்ச அமுக்கி சிபிஆர் ஆரம்பிங்க.

ஆனா இறக்குறது யாரு? ஹார்னஸ் வாங்குற பலரும் இத யோசிக்கிறதே இல்ல. ஹார்னஸ் போட்டு அப்பா ரெண்டாவது மாடி உயரத்துல தொங்குறாரு, கீழ ஒரு சித்தாள் மட்டும் இருக்காரு, அவருக்கு என்ன பண்ணணும்னு தெரியாது. வேலை நடக்குற இடத்துல அந்த உயரத்துக்கு எட்டுற ஏணி ஒண்ணு தரையிலயே கிடக்கணும், குறைஞ்சது ரெண்டு பேரு இருக்கணும், ஆளு தொங்கினா ஏணிய அவரு கால் அடியில வச்சு மிதிக்க வைக்கணும்னு காலையிலயே பேசி வச்சிருக்கணும். தொங்குறவரு சும்மா இருக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கிற மாதிரி கால ஆட்டிக்கிட்டே இருக்கணும், சுவர் எட்டினா சுவர மிதிச்சு தள்ளணும். ஹார்னஸோட மாட்டிக்கிற கால் மிதி பட்டைன்னு ரெண்டு சின்ன வார் தனியா கிடைக்குது, அத பிரிச்சு அதுல எந்திரிச்சு நிக்கலாம், வாங்கிப் போட்டு வைங்க. தனியா ஒரு ஆளு உயர வேலை எடுக்கவே கூடாது, ஹார்னஸ் இருந்தாலும்.

நீங்க வாங்கினது நல்லதான்னு பாக்க முதல்ல லேபிள பாருங்க. ஐஎஸ் 3521 இல்லன்னா இஎன் 361ன்னு நம்பர், தயாரிச்ச மாசம் வருஷம், சீரியல் நம்பர், எவ்வளவு எடை வரைக்கும்னு எல்லாம் தச்ச லேபிள்ல இருக்கணும். லேபிளே இல்லாதது, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினது, திருப்பி அனுப்பிடுங்க. அப்புறம் பட்டைய ரெண்டு கையாலயும் பிடிச்சு தலைகீழ் ப வடிவத்துல வளைச்சு இஞ்ச் இஞ்சா நகர்த்திப் பாருங்க, வெட்டு இருந்தா அந்த வளைவுல வாய் பிளக்கும். தையல் நூலு வேற கலர்ல இருக்கும், அறுந்திருந்தா தெரியுறதுக்குத்தான் அப்படி. பெயிண்டருக்கு ஒரு தனி எச்சரிக்கை. பட்டை மேல பெயிண்ட் கெட்டியா காஞ்சிருந்தா கீழ இருக்குற வெட்டு தெரியாது, அத தின்னர் போட்டு துடைச்சா பட்டையே கெடலாம். பெரும்பாலான பட்டை பாலியெஸ்டர், அதுக்கு சுண்ணாம்பு, சிமென்ட் மாதிரி காரம் ஆகாது, அதனால சுண்ணாம்பு அடிச்ச நாள்ல ராத்திரி சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காயப் போடுங்க, மொட்டை மாடி வெயில்ல போடாதீங்க. ஒரு தடவ ஆளு விழுந்து பிடிச்ச ஹார்னஸும் லேன்யார்டும் அதோட வேலை முடிஞ்சது. பாக்க புதுசா இருந்தாலும் கத்திரிக்கோல் எடுத்து வெட்டிப் போடுங்க, இல்லன்னா வேற யாராவது எடுத்துப் போட்டுக்குவாங்க.

அப்பாவ ஒத்துக்க வைக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு பேச்சு உதவினதில்ல. பண்ணிக் காட்டினதுதான் உதவியிருக்கு. வீட்டுல உறுதியான கான்கிரீட் பீமோ தடிச்ச மாமரக் கிளையோ இருந்தா ஹார்னஸ போட்டு தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல ரெண்டு நிமிஷம் தொங்க விடுங்க, காலடியில ஸ்டூல் வச்சுக்கிட்டு, நீங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டு. தொடைப் பட்டை தளர்வா இருந்தா அப்பதான் தெரியும், எங்க அறுக்குதுன்னு அவரே சொல்லுவாரு. பட்டைக்கும் தொடைக்கும் நடுவுல உள்ளங்கைய தட்டையா விட்டா போகணும், முஷ்டி போகக் கூடாது, அந்த அளவு. டி-ரிங் இடுப்புகிட்ட தொங்கினா தோள் பட்டைய இழுத்து மேல ஏத்துங்க. தனக்கு சரி பண்ணி வச்ச ஹார்னஸ ஆளுங்க போட்டுக்குவாங்க. பொதுவா தொங்குற, யாரு சைஸுன்னே தெரியாத ஹார்னஸத்தான் போட மாட்டாங்க, இத நான் எத்தனையோ சைட்ல பாத்தாச்சு.

கடைசியா காசு. வீட்டு வேலைக்கு சட்டம் துணைக்கு வர்றது கம்மி. 1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமே பத்து பேரும் அதுக்கு மேலயும் வச்சு வேலை வாங்குற இடத்துக்குத்தான்னு சொன்னுச்சு, மூணு பேரா சேர்ந்து ஒரு வீட்டுக்கு அடிக்கிறவங்க அதுல வரல. அதனால சாரத்துக்கும் தடுப்புக் கம்புக்கும் ஆகுற கூலிய அப்பாவே எஸ்டிமேட்ல தனி வரியா எழுதி வாங்கணும், பெயிண்ட் வெலை மாதிரி. வீட்டுக்காரரு பேரம் பேசினா சதுர அடி ரேட்டுல பேசட்டும், அந்த வரியில கை வைக்க விடக் கூடாது. அப்பா கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துல பதிவு பண்ணியிருக்காரான்னு பாருங்க, பெயிண்டருக்கும் உண்டு, 18லேர்ந்து 60 வயசு வரைக்கும் பதியலாம், பதிவு காலாவதி ஆகாம புதுப்பிச்சு வைங்க.

ஹார்னஸ் லேபிளும் லேன்யார்டு அப்சார்பரும் தெரியுற மாதிரி ரெண்டு போட்டோ இங்க போடுங்க, எது இருக்கு எது இல்லன்னு பாத்து சொல்றேன். மொட்டை மாடி போட்டோவும் போட்டா எங்க கட்டவே கூடாதுன்னு என்னால சொல்ல முடியும், எங்க கட்டலாம்ங்குறத அந்த காலத்த நேர்ல தட்டிப் பாக்குறவருதான் சொல்லணும்.